காய்ச்சல் விட்ட மறுநாள் வரும் சிவப்புப் பொரிகள்

மூன்று நாள் காய்ச்சல். 103, சில நேரம் 104 டிகிரி. சிரப் கொடுத்தால் இறங்குகிறது, நான்கைந்து மணி நேரத்தில் மறுபடி ஏறுகிறது. நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்துவிடுகிறது. அப்பாடா என்று சட்டையைக் கழற்றித் துடைக்கப் போனால், நெஞ்சிலும் முதுகிலும் பொடிப்பொடியாகச் சிவப்புப் பொரிகள். மத்தியானத்துக்குள் கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறிவிடுகின்றன. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பாட்டிக்கு அது உடம்புச் சூடு. அம்மாவுக்கு நேற்று தொடங்கிய ஆன்டிபயாட்டிக் மேல் சந்தேகம். அப்பாவுக்கு முந்தாநாள் ஊட்டிய முட்டை ஞாபகம் வருகிறது.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இப்படி நடந்தால், பெரும்பாலும் அது ரோசியோலா. மனித ஹெர்ப்பிஸ் வைரஸ் 6 என்ற கிருமியால் வருவது. இந்த வைரஸ் கண்டறியப்பட்டது 1986இல். ரோசியோலாவுக்குக் காரணம் அதுதான் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியது 1988இல். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இது தொட்டுவிட்டுப் போகிறது. பலருக்குக் காய்ச்சலோடு முடிந்துவிடும். சிலருக்குத்தான் பொரி எழும்பும். எழும்பினாலும் சில மணி நேரத்திலோ இரண்டு நாளிலோ தடம் தெரியாமல் மறைந்துவிடும். அரிப்பும் இருக்காது. பொரி தெரியும் நேரத்தில் குழந்தை பொதுவாக எழுந்து விளையாடிக்கொண்டிருக்கும்.

குழந்தைகளின் உடம்பில் பொரி எழுப்பும் வைரஸ்கள் ஒன்றிரண்டு அல்ல, பல டஜன். பெரும்பாலானவை போடும் சிவப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். பொரியை மட்டும் பார்த்து எந்த வைரஸ் என்று அடித்துச் சொல்ல அனுபவமுள்ள மருத்துவராலும் பல நேரம் முடியாது. அதனால்தான் அவர் பொரியைப் பார்ப்பதற்கு முன் கேள்வி கேட்கிறார். காய்ச்சல் எத்தனை நாள்? பொரி வந்தபோது காய்ச்சல் இருந்ததா, விட்டிருந்ததா? எங்கே தொடங்கியது? குழந்தை சாப்பிடுகிறதா, விளையாடுகிறதா? இந்தப் பதில்கள்தான் பொரியின் நிறத்தையும் உருவத்தையும்விட அதிகம் சொல்லும்.

காரணம், பொரி இரண்டு வழிகளில் வருகிறது. சில நோய்களில் வைரஸே தோலுக்கு வந்து அங்கே பெருகுகிறது. சின்னம்மைக் கொப்புளத்துக்குள் இருக்கும் நீரில் வைரஸ் உண்டு. கை, கால், வாய்க் கொப்புள நோயிலும் அப்படித்தான். வேறு பல நோய்களில் நாம் தோலில் பார்ப்பது உடம்பு கொடுக்கும் பதிலடி. இரத்தத்தில் பரவிய வைரஸை எதிர்க்க நோய் எதிர்ப்பு அணுக்கள் திரளும்போது தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து சிவக்கின்றன. தட்டம்மையில் இது தெளிவாகவே தெரியவந்த விஷயம். டி செல்கள் எனப்படும் எதிர்ப்பு அணுக்களில் குறையுள்ள குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் பொரியே வராமல் போகலாம். ஆனால் நுரையீரல் மிக மோசமாகப் பாதிக்கப்படும். பொரி இல்லை என்பது அங்கே நல்ல செய்தியே இல்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், அடுத்த குழந்தைக்கு ஒட்டுமா என்ற கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. பார்வோ வைரஸ் பி19 என்று ஒன்று உண்டு. கன்னத்தில் அறை வாங்கியதுபோல் சிவந்து, பிறகு கைகால்களில் வலைப்பின்னல் போலப் பொரி படரும். உடம்பில் எதிர்ப்பொருள் உருவான பிறகே அந்தப் பொரி தெரியும் என்பதால், மற்றபடி ஆரோக்கியமான குழந்தையிடமிருந்து அப்போது அது பெரும்பாலும் பரவாது. பரவியது எல்லாம் அதற்கு முந்தைய வாரத்தில், வெறும் சளி என்று நினைத்த நாட்களில். சின்னம்மை அப்படி இல்லை. கொப்புளம் தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, கடைசிக் கொப்புளமும் பக்கு கட்டும்வரை ஒட்டும். வீட்டிலோ பக்கத்திலோ கர்ப்பிணிகள் இருந்தால் இந்த இரண்டு நோய்களையும் பற்றி அவர்களிடம் உடனே சொல்லிவிட வேண்டும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இணையத்திலும் பாடப் புத்தகங்களிலும் இருக்கும் பொரிப் படங்களில் மிகப் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. அந்த ரோஜாச் சிவப்பை நம் குழந்தையின் மாநிறத்தில் தேடினால் கிடைக்காது. கருத்த தோலில் அது கருஞ்சிவப்பாகவோ, பழுப்பாகவோ, சாம்பல் கலந்த ஊதாவாகவோ தெரியும். சில நேரம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. விரலால் தடவினால்தான் சொரசொரப்பு புலப்படும். அதனால் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உட்புறம், கீழ் இமையின் உட்புறம் ஆகிய இடங்களில் நிறம் உள்ளபடி தெரியும்.

மறுபடி ரோசியோலாவுக்கு வருகிறேன். நம் ஊரில் அது கிளப்பும் குழப்பம் தனி. மூன்று நாள் விடாமல் காய்ச்சல் அடித்தால் மூன்றாம் நாள் யாரோ ஒருவர் அமாக்ஸிசிலின் என்ற பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கிவிடுகிறார். நான்காம் நாள் காய்ச்சல் தானாக விடுகிறது, பொரி வருகிறது. காய்ச்சலை நிறுத்தியது ஆன்டிபயாட்டிக் என்றும், பொரியைக் கொண்டுவந்ததும் ஆன்டிபயாட்டிக் என்றும் இரண்டு முடிவுகள் எடுக்கப்படுகின்றன. இரண்டும் தவறு. ஆனால் குழந்தையின் நோட்டில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று ஒரு வரி ஏறிவிடுகிறது. அந்த வரி பல வருடம் கூடவே வரும். நிமோனியாவோ காதில் சீழோ வரும்போது எளிய, மலிவான, நன்றாக வேலை செய்யும் மருந்தைக் கொடுக்க முடியாமல் வீரியம் கூடிய வேறொன்றைத் தேட வேண்டியிருக்கும். யோசித்துப் பார்த்தால் இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கனடாவின் மான்ட்ரியலில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. அமாக்ஸிசிலின் குடித்த நாட்களில் பொரி வந்து, அலர்ஜி என்று சந்தேகிக்கப்பட்ட 818 குழந்தைகளுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் அதே மருந்தை மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். 94 சதவீதம் பேருக்கு ஒன்றுமே ஆகவில்லை. இதை வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது. மருந்து குடித்த ஓரிரு மணி நேரத்தில் தடிப்பு எழுந்து, உதடு வீங்கி, மூச்சு இரைத்தால் அது உண்மையான ஒவ்வாமை, அவசரம். ஆனால் மருந்து தொடங்கி நாலைந்து நாள் கழித்து, அரிப்பில்லாத தட்டையான பொரி வந்தது என்றால், ‘இது அலர்ஜிதானா, பிறகு ஒரு நாள் சோதித்து இந்தக் குறிப்பை எடுக்க முடியுமா’ என்று மருத்துவரிடம் தைரியமாகக் கேட்கலாம்.

கை, கால், வாய்க் கொப்புள நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பால்வாடி, பிளே ஸ்கூல் போகும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவது அதுதான். காக்சாக்கி ஏ16, ஏ6, என்டிரோவைரஸ் ஏ71 போன்ற வைரஸ்கள் காரணம். இந்தியாவில் இது 2003இல் கோழிக்கோட்டில் பதிவானது. 2022இல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளிடம் ‘தக்காளிக் காய்ச்சல்’ பரவியபோது புது நோய் என்று தொலைக்காட்சிகள் அலறின. ஜூலைக்குள் 82 குழந்தைகள். கேரளத்துக்கு வந்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய இரண்டு குழந்தைகளின் மாதிரியைச் சோதித்ததில் கிடைத்தது பழைய காக்சாக்கி ஏ16.

உள்ளங்கை, உள்ளங்கால், முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் கொப்புளம் வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் தோலில் இருப்பது பெரிய தொல்லை தராது. தொல்லை வாய்க்குள். எங்கள் தெருவில் ஒரு இரண்டு வயதுப் பையன் இந்த நோயில் படுத்திருந்தபோது போய்ப் பார்த்தேன். கஞ்சிக் கிண்ணம் பக்கத்தில் வந்தாலே வாயை இறுக மூடிக்கொண்டு, எச்சிலைக்கூட விழுங்காமல் சட்டை நனைய வடியவிட்டுக்கொண்டிருந்தான். அண்ணத்திலும் நாக்கு ஓரத்திலும் பொட்டுப் பொட்டாகப் புண். சூடான, உப்பும் காரமும் புளிப்பும் உள்ள எதுவும் அந்தப் புண்ணில் எரியும். அவன் அம்மா இளநீரை ஃபிரிட்ஜில் வைத்து ஸ்பூனால் கொடுத்ததும், புளிக்காத தயிரைக் குளிரக் குளிர ஊட்டியதும்தான் உள்ளே போனது. இந்த நோயில் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது பெரும்பாலும் நீர்ச்சத்து வற்றிப்போவதால்தான். ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, நாக்கு வறண்டிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

இந்த வைரஸ் மலத்தில் பல வாரம் வெளியேறிக்கொண்டிருக்கும். ஆல்கஹால் சானிடைசர் இதன்மேல் அவ்வளவாக வேலை செய்யாது. டயப்பர் மாற்றிய பிறகு சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுவதே சரி. என்டிரோவைரஸ் ஏ71 மட்டும் கொஞ்சம் பொல்லாதது: 1998இல் தைவானில் 78 குழந்தைகள் இறந்தார்கள். தூக்கத்தில் திடுக்திடுக்கென்று உடம்பு தூக்கிப் போடுவது, விடாத வாந்தி, நடை தள்ளாடுவது, எழுப்ப எழுப்ப அசந்து போவது ஆகியவை மூளை பாதிக்கப்படுவதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனை.

இன்னொன்றும் நடக்கும், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நோய் போய் ஒன்றிரண்டு மாதம் கழித்து விரல் நகங்கள் அடியிலிருந்து பிளந்து கழன்று விழலாம், முக்கியமாகக் காக்சாக்கி ஏ6க்குப் பிறகு. வலி இருக்காது. சத்துக் குறைவு, காளான் தொற்று என்றெல்லாம் மருந்து வாங்க வேண்டாம். காய்ச்சல் நாட்களில் நகத்தின் வேர் கொஞ்ச நாள் வேலையை நிறுத்தியிருக்கும், அவ்வளவுதான். புது நகம் தானே வளர்ந்துவிடும்.

அரிப்போடு தடித்துத் தடித்து எழும்பும் காணாக்கடி வகைத் தடிப்பும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வைரஸ் தொற்றை ஒட்டியே வருகிறது. ஒரு தடிப்பு ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்காது. இங்கே மறைந்து அங்கே எழும்பும். ஒரு வாரம், பத்து நாள் இப்படி ஆட்டம் காட்டலாம். உடனே முட்டை, மீன், கத்தரிக்காய், வேர்க்கடலை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் குழந்தைக்கு ரசச் சோறு மட்டும் மிஞ்சுகிறது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள், அதுவும் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் தடிப்பு வந்தால் மட்டும் உணவைச் சந்தேகியுங்கள். மற்றபடி மருத்துவர் சொல்லும் அளவில் செட்ரிசின் என்ற அரிப்பு மருந்து போதும். கன்னத்திலும் முழங்கையிலும் பிட்டத்திலும் மட்டும், நெஞ்சையும் வயிற்றையும் விட்டுவிட்டு, கெட்டியான சிறு முண்டுகள் வரும் இன்னொரு வகையும் இருக்கிறது. ஜியானோட்டி என்ற மிலான் மருத்துவர் 1955இல் முதலில் விவரித்தது. ஆறு எட்டு வாரம்வரை நிற்கும், பிறகு போய்விடும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் பொறுத்திருந்து பார்க்கக் கூடியவை. தட்டம்மை அப்படி இல்லை. மணல்வாரி என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். மூன்று நான்கு நாள் காய்ச்சலோடு இருமல், மூக்கொழுகல், சிவந்து பீளை கட்டிய கண்கள். கடைவாய்ப் பற்களுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தில் உப்புக் கல் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அதன்பின் காதின் பின்புறமும் நெற்றி மயிரோரமும் தொடங்கி, முகம், நெஞ்சு, கால் என்று பொரி கீழ்நோக்கி இறங்கும். ரோசியோலாவில் காய்ச்சல் விட்ட பிறகு பொரி வரும். தட்டம்மையில் பொரி வரும்போதுதான் காய்ச்சல் உச்சிக்குப் போகும். குழந்தை சுருண்டு படுத்திருக்கும்.

அம்மை போட்டிருக்கிறது என்று வாசலில் வேப்பிலை கட்டி, வெளியாரை உள்ளே விடாமல், குழந்தையை ஓய்வாகப் படுக்க வைத்து, குளிர்ச்சியான ஆகாரம் கொடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தனிமைப்படுத்தலும் ஓய்வும் அதிலேயே இருக்கின்றன. ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மருத்துவரிடம் காட்டக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது என்பதில் குழந்தைகள் செத்திருக்கின்றன. தட்டம்மையில் உயிரைப் பறிப்பது அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும். அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு வேளை வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு வேளைக்கு 2 லட்சம் யூனிட். கண்பார்வையையும் உயிரையும் காப்பாற்றும் மலிவான மருந்து அது. வேப்பிலையும் இருக்கட்டும், மருத்துவரும் பார்க்கட்டும். தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம்.

காய்ச்சல் விட்டு, பொரி வந்து, குழந்தை விளையாடினால் நோய் முடிகிறது என்று அர்த்தம். இதில் ‘விளையாடினால்’ என்பதை விட்டுவிட்டுப் படித்தால் ஆபத்து. டெங்கு இருக்கும் நாட்டில் வாழ்கிறோம். டெங்குவில் உண்மையான கண்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும்; அதைச் சுற்றிய ஒன்றிரண்டு நாட்களில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழக்கூடும். காய்ச்சல் விட்டும் குழந்தை சோர்ந்தே இருந்தால், வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், கைகால் சில்லிட்டால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் தெரிந்தால் நேரத்தைக் கடத்தக் கூடாது. சிவந்த தோலுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் திட்டு விட்டு, உள்ளங்கை அரிக்கும் பொரி அதற்கும் பிறகு, தேறி வரும் நாட்களில் வருவது. டெங்குவா என்று தெரியாத காய்ச்சலில் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் தொடவே வேண்டாம். சின்னம்மையிலும் அப்படியே, அதில் ஆஸ்பிரின் கொடுத்தால் ஈரலும் மூளையும் கெடும் ஆபத்து உண்டு. பாராசிட்டமால் மட்டும், குழந்தையின் எடை ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். சொட்டு மருந்தும் சிரப்பும் வெவ்வேறு வீரியத்தில் வருகின்றன. பாட்டில் மாறினால் அளவும் மாறும், லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஒரு சோதனையை எல்லாப் பெற்றோரும் கற்று வைத்திருக்கலாம். கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைப் பொரிமேல் அழுத்திப் பிடியுங்கள். வைரஸ் பொரியின் சிவப்பு அழுத்தத்தில் மங்கும். மங்காமல் அப்படியே தெரிந்தால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். காய்ச்சலும் அசதியும் கூடவே இருந்தால் மூளைக்காய்ச்சல் கிருமி இரத்தத்தில் பரவியிருக்கலாம். மணிக்கணக்கில் உயிர் போகும் நோய் அது. காய்ச்சல் போய் இரண்டு வாரம் கழித்து, நன்றாக விளையாடும் குழந்தையின் கால்களில் இப்படிப் புள்ளிகளும் காரணமில்லாத நீலத் தடங்களும் வந்தால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கக்கூடும். அன்றே ரத்தப் பரிசோதனை.

ஐந்து நாளுக்கு மேல் இறங்காத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த இரு கண்கள், வெடித்துச் சிவந்த உதடு, வீங்கிய கைகால் என்று சேர்ந்து வந்தால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். டோக்கியோ மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967இல் விவரித்தது. பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடும் நம் நாட்டில் இதற்கு ஒரு கூடுதல் தடயம் உண்டு: இடது தோளில் ஆறிப்போன அந்தப் பழைய ஊசித் தழும்பு திடீரென்று சிவந்து வீங்கும். சிகிச்சை இல்லாவிட்டால் நாலில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனி புடைத்துப்போகும். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தை ஏற்றினால் அந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. ‘வைரஸ் காய்ச்சல்தான், போய்விடும்’ என்று ஏழெட்டு நாள் காத்திருப்பது இங்கேதான் பெரிய இழப்பாகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம். பொரி உள்ளே போய்விடும் என்ற பயம் வேண்டாம். அரித்தால் காலமைன் லோஷன் தடவலாம். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பு மட்டும் கூடாது. அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், காளான் மருந்து மூன்றும் கலந்திருக்கும். வைரஸ் பொரிக்கு மூன்றில் ஒன்றும் தேவையில்லை, குழந்தையின் தோலோ மெலிந்து போகும்.

மருத்துவரிடம் போகும்போது பொரி மறைந்துவிட்டிருக்கும் என்பது பெரும்பாலான வீடுகளின் அனுபவம். தெரிந்த அன்றே ஜன்னல் வெளிச்சத்தில், நெஞ்சு, முதுகு, உள்ளங்கை என்று போனில் படம் எடுத்து வையுங்கள். தேதி தானே பதிவாகிவிடும். காய்ச்சல் தொடங்கிய நாளையும் விட்ட நாளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்த மருந்துகளைப் பெயர் சொல்லி நினைவுபடுத்த முயல்வதைவிடப் பாட்டில்களையே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவது நல்லது. தடுப்பூசி அட்டையும் அதே பையில் இருக்கட்டும்.